பெஞ்சின் கதவு

நான் இரண்டாவது கோல்கீப்பர்.
அப்படியென்றால்
பெஞ்சின் ஓரத்தில் நின்று
உள்ளே வருபவனுக்கும் வெளியே போகிறவனுக்கும்
கதவு திறந்துவிடுபவன்.
இந்தப் பருவத்தில் நாற்பத்தோரு ஆட்டம்.
பனியில் நான் நின்றது பதினெட்டு நிமிடம்.
கதவை எத்தனை முறை திறந்தேன் என்று
ஒரு வாரம் எண்ணினேன்.
பிறகு விட்டுவிட்டேன்.

யார்க்டனில் ஐந்துக்கு ஒன்று தோற்றுத்
திரும்பும் வழியில் ஒரு பெட்ரோல் பங்க்.
மைனஸ் முப்பத்து நான்கு.
மூக்கு மயிர் முறுகி உடையும் குளிர்.
பஸ்ஸில் யாரும் படம் பார்க்கக் கூடாதென்று
பயிற்சியாளர் ரிமோட்டைச்
சட்டைப் பைக்குள் வைத்திருந்தார்.
டீசல் நிரம்பும் வரை
மைக்ரோவேவ் பக்கத்தில் நாங்கள் நால்வர்:
டேரியன் சேவாப், ஜோரன் ஃபேர்,
வசிலிஷின், நான்.
ஒரு பர்கரை நான்காகப் பிய்த்தபோது
வசிலிஷின்தான் தொடங்கினான்:
"நான் கிளம்புறேன்டா."

காரணம் கேட்டோம். அவனிடம் இல்லை.
காலையில் ஸ்கேட்டைக் கட்டும்போது
கை நின்றுவிட்டதாம்.
இடக் கையில் ஒரு கயிறு, வலக் கையில் ஒரு கயிறு.
அவ்வளவுதான்.

டேரியனுக்குக் காரணம் இருந்தது.
அக்டோபரில் பலகையில் தலை மோதியது.
"இது எத்தனை விரல்?"
"மூணு."
"போ, உள்ளே போ."
அன்றிலிருந்து
தங்கியிருக்கும் வீட்டின் நிலவறையில்
சன்னலுக்குப் போர்வை மாட்டியிருக்கிறான்.
பனியின் வெளிச்சம்
பல்லில் கூசுகிறது என்கிறான்.

ஜோரனை இரண்டு முறை விற்றிருக்கிறார்கள்.
இரண்டு முறையும் காகிதத்தில்,
அவனுக்கு ஈடாக
"பின்னர் முடிவுசெய்யப்படும் ஒன்று."
"அந்த ஒன்று என்னன்னு
எனக்குக் கடைசிவரை தெரியல.
ஒரு ஆளா, பணமா, ரெண்டு பெட்டி ஸ்டிக்கா?"
சிரித்தோம்.
அவன் சிரிக்கவில்லை.

மூவரும் என்னைப் பார்த்தார்கள்.
"நானும்" என்றேன்.
கால்களுக்கிடையே பக் நழுவிப்போகிற மாதிரி
அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது.

திங்கட்கிழமை அலுவலக வாசல்.
பிளாஸ்டிக் நாற்காலிகள், வரிசையாக நால்வர்.
உள்ளே போனவன் ஜாக்கெட்டோடு போய்
ஸ்வெட்டரோடு வந்தான்.
விடுவிப்புக் கடிதம் இல்லாமல்
வேறு எந்த அணியிலும் ஆட முடியாது.
ஜோரனுடையதை மட்டும்
பயிற்சியாளர் மேசைக்குள் பூட்டிக்கொண்டார்.
"நான் இனி ஆடவே போறதில்ல,
நீங்களே வச்சுக்கங்க"
என்று அவன் சொன்னது வெளியே கேட்டது.

நான்காவது நாற்காலியில்
என் கடிதம் தொடையின் ஈரத்தில் நனைந்திருந்தது.
பயிற்சியாளரே வெளியே வந்தார்.
"ரீமருக்குக் காய்ச்சல். இன்னைக்கு நீ நிக்கிற."
கையில் என்ன என்று கேட்கவில்லை.
நானும் காட்டவில்லை.

இருபத்தொன்பது அடி வந்தது.
இருபத்தாறு தடுத்தேன்.
இரண்டாம் இடைவேளையில் நிமிர்ந்து பார்த்தால்
ஒன்பதாம் வரிசையில் மூவரும்,
சாதாரண கோட்டில்.
டேரியன் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான்.
வசிலிஷின் பாப்கார்ன் தின்றான்,
ஒவ்வொன்றாக.
அவசரமில்லாமல் அவன் எதையும் தின்று
நான் பார்த்ததேயில்லை.
கை தட்டினார்களா தெரியவில்லை.
ஹெல்மெட்டுக்குள்
எல்லாச் சத்தமும் ஒன்றுதான்.

வியாழனன்று லா ரோஞ்சிலிருந்து
டேரியனின் மாமா பிக்கப்பில் வந்தார்.
ஸ்டிக் பையை ஏற்றவில்லை.
தலையணையை ஏற்றினார்கள்.
வண்டிக் கண்ணாடிக்குள்ளிருந்து
டேரியன் கை தூக்கினான்.
எத்தனை விரல் என்று பார்ப்பதற்குள்
கண்ணாடி மூச்சில் மங்கிவிட்டது.

ரீமருக்குக் காய்ச்சல் விட்டது.
மறுபடி பெஞ்சின் ஓரம்.
புதிதாக மூன்று பையன்கள்;
பெயர் இன்னும் வாயில் நிற்கவில்லை,
எண்ணைப் பார்த்துத் திறக்கிறேன்.
இத்தனை நாள் கவனிக்காத ஒன்று:
இந்தக் கதவு
எங்கள் பக்கம் மட்டும்தான் திறக்கும்.
பனிப் பக்கம் தள்ளினால் நகராது.
ஓடி வருபவன் மேல் இடிக்கக் கூடாதென்று
அப்படிச் செய்திருக்கிறார்களாம்.

கடிதம் கையுறைக்குள் இருக்கிறது.
வேர்வையில் எழுத்து கரைந்து
இப்போது என் பெயர் மட்டும் தெரிகிறது.